வீட்டில் கரையான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுப் பின்னறையில் சுவரோடு பொருத்திய பிளைவுட் அலமாரி ஒன்று இருந்தது. ஒரு ஆடி மாதம் சுத்தம் செய்யலாம் என்று கீழ்த்தட்டைப் பிடித்து இழுத்தேன். மேலே ஒட்டியிருந்த மைக்கா மட்டும் கையோடு வந்தது. பலகை இருந்த இடத்தில் ஈரமண், அதற்குள் வெள்ளை வெள்ளையாக ஓட்டம். அலமாரிக்கு அந்தப் பக்கம் குளியலறை. அதன் குழாய் எத்தனை மாதமாகக் கசிந்துகொண்டிருந்ததோ தெரியாது. அன்றைக்கு நான் பதறிப்போய்ச் செய்த தவறுகளைத்தான் இப்போது அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் "இதைச் செய்யாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். தமிழ்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்துச் சொன்ன பதில்கள் இவை.

கேள்வி: கரையான், செல், ஈசல், வெள்ளை எறும்பு எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றுதான். செல் என்பது பழைய பெயர். செல்லரித்த ஏடு என்கிறோமே, அந்தச் செல். (எங்கள் அத்தை "புத்தகத்துல செல் புடிச்சிருச்சு" என்றபோது என் மகன் போனைத் தேடினான்.) ஈசல் என்பது அதே கூட்டத்தில் இறக்கை முளைத்து, புதுக்குடித்தனம் வைக்கக் கிளம்பும் கரையான். வெள்ளை எறும்பு என்ற பெயர்தான் தப்பு. எறும்புக்கும் அதற்கும் உறவு கிடையாது. கரையான் கரப்பான் பூச்சியின் நெருங்கிய சொந்தம். எறும்போ கரையானின் பரம விரோதி, கிடைத்தால் தூக்கிக்கொண்டு போய்விடும்.

உலகத்தில் சுமார் 3000 வகைக் கரையான் உண்டு. வீட்டைக் கெடுப்பது அதில் சிறு பங்குதான், மீதி எல்லாம் காட்டிலும் வயலிலும் சருகை மக்கவைத்துக்கொண்டிருக்கும். நமக்கு இரண்டு வகையைப் பிரித்துத் தெரிந்தால் போதும்: மண்ணுக்குள் கூடு வைத்துக்கொண்டு வீட்டுக்குத் தீனி தேடி வருவது ஒன்று, மரத்துக்குள்ளேயே குடியிருப்பது இன்னொன்று. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் முதல் வகை.

இந்த முதல் வகையின் வேலைக்காரக் கரையானுக்குக் கண் தெரியாது. தோல் மெல்லியது, வெயிலும் காற்றும் பட்டால் காய்ந்து செத்துவிடும். அதனால்தான் போகிற இடமெல்லாம் மண்ணால் கூரை போட்டுக்கொண்டு போகிறது. மண்ணோடு தொடர்பும் ஈரமும் இல்லாமல் அதனால் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. வீட்டில் கரையானை ஒழிப்பது என்பது பெரும்பாலும் இந்தத் தொடர்பை அறுக்கிற வேலைதான்.

கேள்வி: வீட்டில் கரையான் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சுவரில், நிலைக்கதவின் ஓரத்தில், ஸ்கர்ட்டிங் டைலுக்கு மேலே பென்சில் பருமனில் மண்கோடு ஓடினால் சந்தேகமே வேண்டாம். ஆனால் மண்கோடு கண்ணுக்குத் தெரிகிறபோது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும். அதற்கு முன்பே சில குறிகள் தெரியும். பெயிண்ட் அடித்த நிலையில் ஒரு இடம் மட்டும் குமிழி விட்டதுபோல் உப்பும், அல்லது உள்வாங்கும். கதவு காரணமில்லாமல் இறுக்கும். சுவிட்சு போர்டைக் கழற்றினால் பெட்டிக்குள் மண் இருக்கும். சுவருக்குள் பதித்த வயரிங் குழாய் கரையானுக்கு ராஜபாட்டை. எலெக்ட்ரீஷியன்தான் பல வீடுகளில் முதலில் இதைப் பார்க்கிறவர்.

ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் நிலையை அடியிலிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் கணீரென்று கேட்கும், அரித்த மரம் பொத்தென்று கேட்கும். தட்டிவிட்டுக் காதை வைத்தால் சில சமயம் உள்ளே சரசரவென்ற சத்தம் வரும். காவல்காரக் கரையான்கள் ஆபத்து என்று தலையால் முட்டித் தெரிவிக்கிற சத்தம் அது. மேல்தோலை மட்டும் விட்டுவிட்டு உள்ளே காலி செய்வது இதன் பழக்கம். வெளித்தோல் உடைந்தால் காற்றும் வெளிச்சமும் புகுந்துவிடும் அல்லவா.

பார்க்க வேண்டிய இடங்கள்: குளியலறைச் சுவரின் மறுபக்கம், சிங்குக்குக் கீழே உள்ள கப்போர்டு, மாடிப்படிக்கு அடியில், பூஜை அலமாரியின் பின்புறம், பரணில் வருடக்கணக்கில் நகர்த்தாத அட்டைப்பெட்டிகள்.

கேள்வி: மண்கோட்டைப் பார்த்துவிட்டேன். உடனே மருந்தடிக்கலாமா?

வேண்டாம். நான் செய்த முதல் தவறு இது. கடையில் விற்கும் ஸ்ப்ரேயை வாங்கி ஒரு டப்பா முழுவதும் அடித்தேன். கண்ணில் பட்டதெல்லாம் செத்தது. மனத்துக்குத் திருப்தியாக இருந்தது. மூன்று வாரம் கழித்து இரண்டடி தள்ளி நிலையில் கோடு கிளம்பியது.

நாம் பார்ப்பது தீனி எடுக்க வந்த சில நூறு வேலைக்காரர்களை. மண்ணுக்கு அடியில் கூட்டில் இருப்பவை லட்சக்கணக்கில். ராணி ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், வருடக்கணக்கில் உயிரோடிருக்கும். சில நூறு செத்ததால் அங்கே ஒன்றும் குறையாது. ஸ்ப்ரேயின் காரத்தால் அந்த வழியை மட்டும் மூடிவிட்டு வேறு வழி பார்க்கும். முன்பு எங்கே இருந்தது என்றாவது தெரிந்தது, இப்போது அதுவும் தெரியாமல் போகும்.

முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மண்கோட்டில் ஒரு விரல்கடை அளவு மட்டும் உடைத்துவிட்டு விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் அந்த இடம் ஈரமண்ணால் அடைபட்டிருந்தால் நடமாட்டம் இருக்கிறது என்று அர்த்தம். அடைபடாவிட்டால் அது பழைய கோடாக இருக்கலாம், அல்லது வேறு வழியில் போய்க்கொண்டிருக்கலாம். கோடு கீழே எங்கிருந்து வருகிறது என்று பின்தொடருங்கள். தரைக்கும் சுவருக்கும் உள்ள இடுக்கா, குழாய் நுழைகிற ஓட்டையா, டைல் விரிசலா? பக்கத்தில் எங்கே ஈரம் இருக்கிறது? அந்த ஈரத்தை நிறுத்துகிற வேலையை அன்றைக்கே ஆரம்பியுங்கள். மருந்து அடிக்க வருகிறவருக்கு இந்த வழி தெரிவது பாதி வேலை முடிந்ததற்குச் சமம். எல்லாவற்றையும் பெருக்கித் துடைத்து வைத்திருந்தால் அவரும் குத்துமதிப்பாகத்தான் மருந்து விடுவார்.

அரிபட்ட பலகையை உடனே பிய்த்து எறிவதும் அதே மாதிரிதான். மருந்து வேலை முடிகிற வரை விட்டுவைப்பது நல்லது. உள்ளே இருக்கிற பத்திரங்கள், துணிகள், புத்தகங்களை மட்டும் எடுத்து வெயிலில் போடுங்கள்.

கேள்வி: மழை பெய்த மறுநாள் வீடு முழுக்க ஈசல் இறக்கை. பயப்பட வேண்டுமா?

எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. சன்னல் வழியாக விளக்கைத் தேடி வந்தவை என்றால் கூட்டிப் பெருக்கிவிட்டு வேலையைப் பாருங்கள். கோடை மழைக்குப் பிறகும் ஐப்பசியிலும் இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். விளக்கை அணைத்துவிட்டு வாசலில் ஒரு பல்பும் அதன் கீழே அகலப் பாத்திரத்தில் தண்ணீரும் வைத்தால் பெரும்பாலானவை அதில் விழும். கிராமங்களில் இப்படிப் பிடித்து, இறக்கையைப் புடைத்து நீக்கி, அரிசியோடு வறுத்துத் தின்பார்கள். சின்ன வயதில் நானும் தின்றிருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கும்.

சன்னல் மூடியிருந்தும் சுவர் இடுக்கிலிருந்தோ நிலையின் அடியிலிருந்தோ கொத்தாக வெளியே வந்தால் கதை வேறு. கூடு வீட்டை ஒட்டியே இருக்கிறது, அதுவும் நாலைந்து வருடம் வளர்ந்த கூடாக இருக்கும்; இளங்கூட்டில் ஈசல் கிளம்பாது. வந்த இடத்தைக் குறித்துவையுங்கள்.

இறக்கை முளைத்த எறும்பும் இதே சமயத்தில் பறக்கும். எறும்புக்கு இடுப்பு சிறுத்திருக்கும், முன்னிறக்கை பெரிதாகவும் பின்னிறக்கை சிறிதாகவும் இருக்கும். ஈசலுக்கு இடுப்பே இல்லை, நான்கு இறக்கையும் ஒரே நீளம்.

கேள்வி: மண்ணே இல்லை. ஆனால் கட்டிலுக்கு அடியில் ரவை மாதிரி ஏதோ கொட்டுகிறது. அதுவும் கரையானா?

எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். கரகரவென்று கசகசா போலத் தனித்தனி மணியாக இருந்தால் அது மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கரையானின் எச்சம். லென்சு வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணியும் ஆறு பட்டையாக இருக்கும். இதற்கு மண்ணும் வேண்டாம், வெளியே இருந்து தண்ணீரும் வேண்டாம், மரத்தில் உள்ள ஈரப்பசையே போதும். அதனால் தரையில் டிரில் போட்டு மருந்து விடுவது இதற்குப் பயன்படாது. அந்தச் சாமானுக்கு மட்டும் வைத்தியம் செய்தால் போதும்: ஓட்டைகளில் ஊசியால் மருந்து ஏற்றுவது, அல்லது பழைய கட்டில்தானே என்று தூக்கிப் போடுவது.

மாவு மாதிரி மெத்தென்று இருந்தால், மரத்தில் குண்டூசி ஓட்டைகள் தெரிந்தால், அது கரையானே இல்லை, துளைக்கும் வண்டு. நம் ஆட்கள் இந்த இரண்டையும் சொல்லிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள்: வண்டு பட்டால் மரம் உளுத்தது, கரையான் பட்டால் அரித்தது.

கேள்வி: எங்கள் வீடு முழுக்க கான்கிரீட், தரை டைல்ஸ். எப்படி உள்ளே வரும்?

கான்கிரீட்டை அது தின்பதில்லை. தின்னத் தேவையும் இல்லை, ஒன்றரை மில்லிமீட்டர் விரிசல் இருந்தால் நுழைந்துவிடும். தரைக் கான்கிரீட்டும் சுவரும் சேரும் இடத்தில் காலப்போக்கில் ஒரு நூலிழை இடைவெளி விழாத வீடு கிடையாது. தண்ணீர்க் குழாயைச் சுற்றி மேஸ்திரி சரியாகப் பூசாமல் விட்ட ஓட்டை, இறங்கிப்போன தளம், பழைய வீடாக இருந்தால் சுண்ணாம்புக் காரையும் மண்சாந்தும், எல்லாமே வழிதான்.

மூன்றாவது மாடியில் இருந்தாலும் இதே கதைதான். குழாய்கள் ஏறும் ஷாஃப்ட் வழியாக மேலே போகும். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு மட்டும் மருந்தடிப்பது பக்கத்து வீட்டுக்கு அனுப்பி வைப்பதுபோல. தரைத்தளமும் ஷாஃப்டும் சேராத வேலைக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன். சங்கத்தில் பேசி மொத்தமாகச் செய்யுங்கள்.

கேள்வி: தேக்கு என்றால் கரையான் வராது என்று ஆசாரி சொல்கிறாரே?

அவர் சொல்வது பாதி உண்மை. தேக்கின் வைரப் பகுதியில் டெக்டோகுவினோன் போன்ற பொருள்கள் இருக்கின்றன, கரையானுக்கு அது ஆகாது. ஆனால் வைரத்தைச் சுற்றி வெளியே வெளிறிய நிறத்தில் இருக்கும் 'வெள்ளை'யில் அந்தக் காப்பு கிடையாது. இப்போது கடையில் வரும் இளந்தேக்கில் வெள்ளையே பாதி. அதையும் வார்னிஷில் நிறம் ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. மரம் எடுக்கப் போகும்போது சட்டத்தின் வெட்டு முகத்தைப் பாருங்கள். வெள்ளை இருந்தால் சுவருக்குள் போகும் பக்கத்துக்கு அதை வைக்க விடாதீர்கள்.

வேங்கை, வேம்பின் வைரம், நன்றாக முற்றிய பனை எல்லாம் தாங்கும். மா, ரப்பர், பேக்கிங் பெட்டிக்கு வரும் மரங்கள் கரையானுக்குப் பந்தி. எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பிளைவுட்டில் ஒரு குழப்பம் இருக்கிறது. வாட்டர்புரூஃப் என்றால் கரையான் புரூஃப் என்று நினைத்துக்கொள்கிறோம். எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என்ற எழுத்துகள் பசை தண்ணீரைத் தாங்குமா என்பதைச் சொல்பவை. கரையான் பசையைத் தின்ன வரவில்லையே, மரத்தைத்தான் தின்ன வருகிறது. மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 தரநிலை மருந்து ஏற்றச் சொல்கிறது. அந்த முத்திரை பலகையிலேயே குத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், கடைக்காரர் வாய்மொழியை நம்பாதீர்கள். குளியலறைச் சுவரை ஒட்டி அலமாரி என்றால் நான் இப்போது பி.வி.சி. அல்லது அலுமினியத்தைத்தான் சொல்வேன். அழகு கொஞ்சம் கம்மிதான்.

கேள்வி: டிரில் போட்டு மருந்து விடுவதில் உண்மையிலேயே பலன் உண்டா? ஏமாற்றுகிறார்களா என்று எப்படித் தெரியும்?

சரியாகச் செய்தால் நிச்சயம் பலன் உண்டு. எல்லாம் அந்தச் 'சரியாக' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

இதற்கு இந்தியத் தரநிலை ஒன்று இருக்கிறது, ஐ.எஸ். 6313. அதன் மூன்றாம் பகுதி ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கானது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் சுமார் 12 மில்லிமீட்டர் ஓட்டைகள், ஒன்றுக்கொன்று 30 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு அடி இடைவெளி. ஓட்டை டைலையும் கான்கிரீட்டையும் தாண்டி மண்ணுக்குள் போக வேண்டும். ஒவ்வொரு ஓட்டையிலும் மண் இனி ஏற்காது என்கிற வரை, அதிகபட்சம் ஒரு லிட்டர், மருந்துக் கலவையை அழுத்தி ஏற்ற வேண்டும். பிறகு அடைத்துப் பூச வேண்டும். நிலை, சன்னல் சட்டங்களில் மரமும் சுவரும் சேரும் இடத்தில் சாய்வாகச் சிறு ஓட்டை போட்டு எண்ணெயில் கலந்த மருந்தை விட வேண்டும். வெளிச் சுவரைச் சுற்றியும் இதேபோல் செய்ய வேண்டும். இப்படிச் செய்தால் வீட்டுக்கு அடியில் இருக்கும் மண்ணே ஒரு வேலியாகிவிடும்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 10-க்கு 12 அடி அறை. சுற்றளவு 44 அடி. அடிக்கு ஒன்றாக 44 ஓட்டை, ஓட்டைக்கு ஒரு லிட்டர் என்றால் அதிகபட்சம் 44 லிட்டர் கலவை. மண் இறுகியிருந்து பாதிதான் ஏறும் என்றாலும் 20 லிட்டருக்குமேல் போக வேண்டும். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவர்கள் தோளில் ஒரு பம்போடு வந்து, மூன்று அறை, கூடம், அடுப்படி எல்லாவற்றையும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போனார்கள். ஓட்டை டைலுக்கு அடியில் இரண்டங்குலம்கூடப் போகவில்லை. வேலை நடக்கும்போது நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. அடுத்த மழையில் மறுபடி வந்தது. இரண்டாம் முறை வேறு ஆட்களைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர்களுக்கு ஒரு நாள் முழுவதும் பிடித்தது.

அதனால் சதுர அடிக்கு எவ்வளவு என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். என்ன மருந்து, எத்தனை ஓட்டை, மொத்தம் எத்தனை லிட்டர் என்று எழுதி வாங்குங்கள். மருந்து டப்பா சீல் உடைக்காமல் உங்கள் கண்முன் வர வேண்டும். காலாவதித் தேதி பாருங்கள். கலவையை உங்கள் வாளியில் உங்கள் முன்னால் கலக்கச் சொல்லுங்கள். டிரில் போடுவதற்கு முன் தண்ணீர்க் குழாயும் வயரும் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டிவிடுங்கள். மறந்தால் கரையான் செலவோடு பிளம்பர் செலவும் சேரும்.

கேள்வி: என்ன மருந்து பயன்படுத்துகிறார்கள்? குழந்தைகள் இருக்கும் வீட்டில் செய்யலாமா?

ஒரு காலத்தில் ஆல்ட்ரின், ஹெப்டாக்ளோர், குளோர்டேன் என்று ஊற்றினார்கள். மண்ணில் பல்லாண்டு கிடக்கும், கரையானும் வராது. அப்படி அழியாமல் கிடந்து உணவிலும் உடம்பிலும் சேர்வதால்தான் மூன்றும் தடைக்குள் போயின. இன்றைக்கும் பழைய மேஸ்திரிகள் "அந்தக் காலத்து மருந்து மாதிரி வராது" என்பார்கள்.

அடுத்து வந்தது குளோர்பைரிஃபாஸ். 20 சதவீத டப்பாவில் ஒரு பங்கு, தண்ணீர் 19 பங்கு என்று கலந்து ஒரு சதவீதக் கலவையாக விடுவார்கள். மேலே சொன்ன 44 லிட்டருக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று அதிகமாக மருந்து வேண்டும். வாடை மண்டையைப் பிளக்கும். நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் வகை மருந்து இது. அமெரிக்காவில் 2000-இலிருந்தே வீட்டுப் பயன்பாட்டிலிருந்து விலக்க ஆரம்பித்தார்கள். 2025-இல், அழியாமல் தங்கும் நச்சுப் பொருள்களைத் தடுக்கிற ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும், சில விலக்குகளோடு, சேர்த்துவிட்டார்கள்.

இப்போது அதிகம் பயன்படுவது இமிடாகுளோபிரிட். 30.5 சதவீத மருந்தில் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி, 44 லிட்டருக்கு 90 மில்லிக்குச் சற்று மேல். வாடை இல்லை. இதில் இன்னொரு விசேஷம், மருந்து இருப்பதே கரையானுக்குத் தெரியாது. வழக்கம்போல அந்த மண்ணில் நடந்து போகும், உடம்பில் ஒட்டிக்கொண்டு போய் மற்றவற்றோடு நக்கிப் பகிர்ந்துகொள்ளும். ஃபிப்ரோனிலும் இதே வகை. விரட்டுகிற மருந்தைவிடத் தெரியாமல் கொல்கிற மருந்து நல்லது என்பது என் கட்சி. காரணம், விரட்டினால் அது போகப்போவது அடுத்த அறைக்கு.

குழந்தைகள், கர்ப்பிணிகள், சுவாசக் கோளாறு உள்ளவர்களை அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மீன்தொட்டி இருந்தால் அதையும் நகர்த்துங்கள். ஓட்டைகள் அடைக்கப்பட்டு, தரை துடைக்கப்பட்டு, காற்றோட்டம் கிடைத்த பிறகு வரலாம். மிச்சமான மருந்தைச் சாக்கடையில் ஊற்றவோ, காலி டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடிக்கவோ கூடாது. கேட்டால் சிரிப்பீர்கள், பார்த்திருக்கிறேன்.

சுவரை ஒட்டிக் கிணறோ, ஆழமில்லாத ஆழ்துளைக் குழாயோ இருந்தால் அந்தப் பக்கத்துக்கு மண்ணில் மருந்து விட விடாதீர்கள். அங்கே இரைப்பெட்டி முறை நல்லது. மெதுவாக வேலை செய்யும் மருந்து தடவிய தீனியைப் பெட்டியில் வைத்துக் கரையான் போகும் வழியில் பொருத்துவார்கள். அதுவே தூக்கிக்கொண்டு கூட்டுக்குப் போகும். வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். அவசரக்காரர்களுக்கு ஆகாது.

கேள்வி: மண்ணெண்ணெய், கல்லுப்பு, வேப்பெண்ணெய், கற்பூரம்?

இவை தொட்ட இடத்தில் இருப்பதை விரட்டும். கூட்டுக்கு ஒன்றும் ஆகாது. மண்ணெண்ணெய் ஆவியானதும் பழையபடி வரும். வீட்டுக்குள் தீப்பிடிக்கிற பொருளை ஊற்றுகிற ஆபத்தும் உண்டு.

ஆனால் பழைய ஆட்களின் ஒரு வழக்கத்தை நான் மதிக்கிறேன். பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை நிலையிலும் உத்திரத்திலும் பூசுவார்கள். சுவருக்குள் போகும் முகத்தில் நிலை வைப்பதற்கு முன்பே பூசினால் நல்ல காப்பு. கையில் பட்டால் புண்ணாகும், உறை போட்டுக்கொள்ள வேண்டும். தார் பூசுவதும் இதே நோக்கம்தான். வைரமில்லாத 'வெள்ளை' மரச் சட்டத்தில் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை ஊறவைப்பதும் வேலை செய்யும், மழையோ ஈரமோ படாத இடமாக இருந்தால்.

கேள்வி: புதிதாக வீடு கட்டுகிறோம். எப்போது என்ன செய்ய வேண்டும்?

இங்கே செலவழிக்கும் ஒரு ரூபாய் பின்னால் பல ரூபாயை மிச்சப்படுத்தும். மேலே சொன்ன ஐ.எஸ். 6313 தரநிலையின் இரண்டாம் பகுதி இதற்கானது. வாணம் தோண்டியதும் குழியின் அடியிலும் பக்கங்களிலும் மருந்து. அடித்தளச் சுவர் எழும்பி, மண் தள்ளி மூடும்போது சுவரை ஒட்டி மருந்து. கிராவல் நிரப்பித் தண்ணீர் விட்டுத் திமிசு போட்ட பிறகு, தரைக் கான்கிரீட் போடுவதற்கு முன், மேல்பரப்பு முழுவதும் சதுர மீட்டருக்கு 5 லிட்டர். சதுர அடிக்கு ஏறக்குறைய அரை லிட்டர். 1000 சதுர அடித் தளத்துக்கு இந்தக் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் 450 லிட்டருக்கு மேல் கலவை வேண்டும். பூவாளியில் தெளித்துவிட்டுப் போனால் அது சாங்கியம்தான். மருந்து விட்ட மண்ணை மறுபடி கிளறக் கூடாது. பிளம்பர் குழி வெட்டினால் அந்த இடத்துக்கு மறுபடி மருந்து விட வேண்டும்.

மருந்தைவிட முக்கியமான ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. சென்ட்ரிங் பலகைத் துண்டு, முளைக்குச்சி, சிமெண்டு காகிதப்பை, வெட்டிய மரத்தின் வேர், எல்லாவற்றையும் அடித்தளத்துக்குள் தள்ளி மூடிவிடுகிறார்கள். கிரகப்பிரவேசத்துக்கு முன்பே கரையானுக்கு விருந்து. இருட்டுவதற்குள் மூடிவிடலாம் என்று மேஸ்திரி சொன்னாலும், நீங்கள் ஒரு முறை இறங்கிப் பொறுக்கிவிட்டு மூடச் சொல்லுங்கள்.

செட்டிநாட்டு வீடுகளிலும் பழைய அக்கிரகார வீடுகளிலும் மரத்தூண் தரையில் நிற்காது, அடியில் ஒரு கல் இருக்கும். திண்ணை உயரத்துக்கு வீடே மண்ணைவிட்டு எழும்பி நிற்கும். கோடு வந்தால் கல்லின் மேல் பளிச்சென்று தெரிந்துவிடும். இன்றைக்கு நாம் டைல் மட்டத்துக்கு நிலையைப் புதைத்துவிட்டு மருந்தை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். டிரில் போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.

சாமான்களைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். மரக்காலுக்கு அடியில் ஸ்டீல் அல்லது பிளாஸ்டிக் கிண்ணம் வையுங்கள். அட்டைப்பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தால், பின்னால் அட்வான்ஸில் பிடிக்கும்போது பேச ஆதாரமாவது இருக்கும்.

கேள்வி: அரித்த நிலையை மாற்றத்தான் வேண்டுமா?

ஸ்குரூ டிரைவரைக் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்குள் நின்றுவிட்டால் மருந்து ஏற்றி, மக்கு அடைத்து ஓட்டலாம். கைப்பிடி வரை இறங்கினால் மாற்றுங்கள். உத்திரம், கைமரம் போன்ற பாரம் தாங்கும் மரமாக இருந்தால் இந்தச் சோதனையை நீங்கள் செய்யாதீர்கள், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பத்திரத்தையும் பணத்தையும் தின்றுவிட்டது. ஏதாவது வழி உண்டா?

ரூபாய் நோட்டு பருத்தியில் செய்வது, அதாவது கரையானுக்குச் சுத்தமான சாப்பாடு. 2011-இல் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் வைத்திருந்த சுமார் ஒரு கோடி ரூபாயையே தின்றிருக்கிறது. மிச்சமிருப்பதை உதறாமல், ஒட்டாமல், அப்படியே ஒரு கவரில் போட்டு வங்கிக்குக் கொண்டுபோங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளில், ஒரே துண்டாக மிஞ்சிய பகுதி 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுத் தொகை, 40 முதல் 80 வரை இருந்தால் பாதித் தொகை, அதற்கும் கீழே என்றால் ஒன்றும் கிடையாது. 20 ரூபாய் வரை உள்ள நோட்டுகளுக்குப் பாதிக்கு மேல் இருந்தால் முழுத் தொகை.

கிரயப் பத்திரம் போனால் பதிவு செய்த சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். பத்திர எண்ணும் வருடமும் தெரிந்திருந்தால் வேலை சுலபம். அந்த இரண்டையும் இன்றைக்கே போனில் குறித்துவையுங்கள். பழைய கையெழுத்து நோட்டுகள், கல்யாண ஆல்பம் போன்றவற்றுக்கு நகல் எங்கும் கிடையாது. இரும்புப் பெட்டியில், சுவரைத் தொடாமல், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். தில்லைக் கோயிலில் பூட்டிக்கிடந்த தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்ததும், ராஜராஜன் திறக்கவைத்தபோது ஒரு பகுதிதான் மிஞ்சியிருந்ததும் நாம் வழிவழியாகக் கேட்டுவருகிற கதை.

கேள்வி: காம்பவுண்டுக்குள் புற்று வளர்ந்திருக்கிறது. இடித்துவிட்டால் கரையான் போய்விடுமா?

மேலே தெரியும் மண் இடிந்தால் சில நாளில் மறுபடி கட்டிக்கொள்ளும். ராணியின் அறை அடியில் இருக்கிறது. அதோடு, பக்கத்தில் தெரியும் புற்றும் வீட்டுக்குள் வரும் கரையானும் ஒரே கூட்டம் என்று சொல்லிவிட முடியாது. புற்றே எழுப்பாமல் மண்ணுக்கடியில் வாழும் வகைகளும் உண்டு.

நிறைய வீடுகளில் மஞ்சள் குங்குமம் வைத்து விளக்கேற்றுவார்கள், இடிக்கச் சம்மதிக்க மாட்டார்கள். எங்கள் அம்மாவும் சம்மதிக்கவில்லை. வேலி ஓரத்தில் இருந்த புற்றை அப்படியே விட்டுவிட்டு, வீட்டுச் சுவரைச் சுற்றி மட்டும் மருந்து விட்டோம். வெட்டிப்போட்ட தென்னைமட்டையைச் சுவரில் சாய்த்து வைக்கும் பழக்கத்தையும் விட்டோம். போன மழைக்குப் புற்றடியில் குடை குடையாகக் காளான் பூத்தது. அந்தக் கரையான் கூட்டுக்குள் தோட்டம் போட்டு வளர்க்கும் காளானின் பூ அது. நல்ல புற்றுக் காளானை அடையாளம் தெரிந்த பக்கத்துத் தெருப் பாட்டி வந்து பறித்துக்கொண்டு போனார், எங்களுக்கும் ஒரு கிண்ணம் குழம்பு வந்தது.